கோர்ட்டில் கொடுத்த வாக்கு சட்டமாக வேண்டும்

தேர்தல் மேடையில் சொன்னதைத் தலைவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்று ஜனங்கள் சலித்துக்கொள்வது உண்டு.

ஆனால் இது மேடையில் சொன்ன வாக்கு அல்ல. நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டில், ஐந்து நீதிபதிகள் முன்னிலையில், மத்திய சர்க்கார் கொடுத்த வாக்கு!

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் வாழ்க்கைத் துணையாகச் சேர்ந்து வாழும் குடும்பங்கள் நாட்டில் உண்டு. அவர்கள் அன்றாடம் படும் கஷ்டங்களைத் தீர்க்க, மந்திரிசபை செயலாளர் தலைமையில் கமிட்டி அமைப்போம் என்று 2023-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி சர்க்கார் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னார்.

அந்த வாக்கு முழுமையாக நிறைவேற வேண்டும்.

வழக்கு என்ன?

வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்து வாழ்வது குற்றம் அல்ல என்று 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

குற்றம் இல்லை என்றால் மட்டும் போதுமா? குடும்பம் என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டாமா? இப்படிக் கேட்டுப் பல ஜோடிகள் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2023-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. இத்தகைய திருமணத்துக்குச் சட்டம் செய்வது பாராளுமன்றத்தின் வேலை, கோர்ட்டின் வேலை அல்ல என்று நீதிபதிகள் கூறினார்கள். கமிட்டி அமைப்பதாகச் சர்க்கார் கொடுத்த வாக்கையும் தீர்ப்பில் எழுதி வைத்தார்கள்.

தீர்ப்பை மாற்றக் கோரிய மனுக்கள் 2025-ம் ஆண்டு ஜனவரியில் தள்ளுபடி ஆயின. அந்த வழக்கில் கோர்ட்டுக் கதவு மூடிவிட்டது. அந்த ஜோடிகள் கையில் மிச்சம் இருப்பது சர்க்கார் கொடுத்த வாக்கு ஒன்றுதான்.

நடந்ததும் நடக்காததும்

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. 2024-ம் ஆண்டு ஏப்ரலில் கமிட்டி அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சில உத்தரவுகளும் விளக்கங்களும் வந்தன.

இத்தகைய ஜோடிகள் பாங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கலாம். துணைவரை வாரிசுதாரராக, அதாவது 'நாமினி'யாக, நியமிக்கலாம். ரேஷன் கார்டில் இருவரையும் ஒரே குடும்பமாகக் கொள்ள வேண்டும். நெருங்கிய உறவினர் இல்லாதபோது, இறந்தவரின் உடலைத் துணைவர் பெற்றுக்கொள்ள வகை செய்ய வேண்டும்.

இவை நல்ல காரியங்கள். பாராட்டலாம்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? இவை சட்டம் அல்ல. மத்திய இலாகாக்கள் எழுதிய கடிதங்கள். இன்று எழுதிய கடிதத்தை நாளை மாற்றியும் எழுதலாம்.

முப்பது ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த இருவரில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் உள்ள வீடு யாருக்கு? வாரிசுச் சட்டப்படி அவருடைய உறவினருக்கு. கூட வாழ்ந்தவருக்கு அதில் பங்கு இல்லை.

பாங்கியில் 'நாமினி' ஆனவருக்குப் பணம் சொந்தமாகிவிடுமா? ஆகாது. அவர் பணத்தை வாங்கும் உரிமை உள்ளவர் மட்டுமே. சட்டப்படியான வாரிசுகள் வந்து கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

உயில் எழுதி வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வீட்டை எழுதலாம், நகையை எழுதலாம். குடும்பப் பென்ஷனை உயிலில் எழுத முடியுமா?

தமிழ்நாடு காட்டிய வழி

குடும்பங்களைச் சட்டம் கைவிட்டதும், பிறகு கைதூக்கி விட்டதும் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் ஒரு காலத்தில் சட்டப்படி செல்லாதவையாக இருந்தன. ஊர் கூடி வாழ்த்திய தம்பதியரின் பிள்ளைகளுக்குக்கூட சொத்துரிமை கேள்விக்குறியாக நின்றது.

1967-ம் ஆண்டு அண்ணா முதல்-மந்திரி ஆனார். பல ஆண்டுகளாக மேடையில் கேட்டு வந்ததை அந்த ஆண்டே சட்டசபையில் நிறைவேற்றினார். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும் என்றது அந்தச் சட்டம். அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லும் ஆக்கியது.

அதனால் மற்றவர்களின் திருமணம் குறைந்துபோனதா? அக்கினி வலம் வந்தவர்கள் இன்றும் வலம் வருகிறார்கள்.

2025-ம் ஆண்டு மே மாதம் சென்னை ஐகோர்ட்டு இதே தெளிவோடு பேசியது. பெற்றோர் அடைத்து வைத்த ஓர் இளம் பெண்ணை அவர் விருப்பப்படி தோழியுடன் போக விட்டது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பது இல்லை என்றும் சொன்னது.

தலைவர்கள் செய்ய வேண்டியது

இத்தகைய திருமணம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய சர்க்காரும் கோர்ட்டில் அதை எதிர்த்தே வாதாடியது. திருமணம் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் ஏது?

பென்ஷன், இன்ஷூரன்ஸ், வாரிசுரிமை, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும் உரிமை இவ்வளவையும் சட்டத்தில் எழுத வேண்டும். அதற்கு ஒரு கெடு வைக்க வேண்டும்.

எதிர்க்கட்சிகளுக்கும் பொறுப்பு உண்டு. ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வதை ஏற்கும் சட்டம் கொண்டுவருவோம் என்று 2024-ம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ் சொன்னது. மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டு கட்சியும் சட்ட அங்கீகாரம் தருவதாகச் சொன்னது. ஆட்சி கிடைத்தால்தான் பேசுவோம் என்று இருக்க வேண்டியது இல்லை. பாராளுமன்றத்தில் தனி நபர் மசோதா கொண்டுவரலாம், கேள்வி கேட்கலாம்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிடக் கூடாது. வயதானவர்களும் நோயாளிகளும் அந்த ஜோடிகளில் இருக்கிறார்கள். ஒருவர் கண்மூடிய பிறகு வரும் சட்டம், தனியே நிற்கும் மற்றவருக்கு எதற்கு?