அம்மா கையில் வாட்ச், நம் கையில் நம்பர்

இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். சித்தூர்க்காரன் எழுதுவதில் காரம் இல்லாவிட்டால் எப்படி? :-)

இங்கே நம் மக்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் பேச்சு மூன்றுதான். இன்றைக்கு ரேட் என்ன, ஊரில் மனை விலை என்ன, லீவுக்கு டிக்கெட் எவ்வளவு. இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "எங்கம்மாவோட எச்.ஆர்.வி. நேத்து 18தான் சார் காட்டுச்சு. ராத்திரி தூக்கமே வரலை." அம்மா கொங்காரெட்டிப்பள்ளியில். கையில் மகன் அனுப்பிய வாட்ச். மகனோ ஆயிரக்கணக்கான மைலுக்கு இப்பால் செல்போனில் அந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து வியர்க்கிறார். எச்.ஆர்.வி. என்றால் என்னவென்று கேட்டால், "ஸ்ட்ரெஸ் சார், கம்மியா இருந்தா ஹார்ட்டுக்கு ஆபத்து" என்கிறார்.

இல்லை சார். அப்படி இல்லை.

நம் இதயம் கடிகாரம் போல ஒரே சீராக அடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மில்லிசெகண்ட் கணக்கில் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் இது. மருத்துவத்தில் இதற்கு மரியாதையான இடம் உண்டு, மறுக்கவில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தை திணறுகிறதா என்று பார்க்க 1960களிலிருந்து பயன்படுகிறது. மாரடைப்பு வந்தவர்களில் இந்த அளவு மிகவும் குறைந்திருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 1987ல் அமெரிக்காவில் கிளைகரும் குழுவினரும் காட்டினார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்க, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு விடச் சொல்லி ஈ.சி.ஜி. எடுப்பார்கள். 1996ல் ஐரோப்பிய, வட அமெரிக்க நிபுணர்கள் சேர்ந்து எப்படி அளக்க வேண்டும் என்றே விதிமுறை போட்டார்கள். ஒன்று 5 நிமிஷம், இல்லை 24 மணி நேரம். இரண்டையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடக் கூடாது என்பதும் அதில் உண்டு.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். கடன் கேட்டு ஒருவர் வருகிறார். செவ்வாய்க்கிழமை மதியம் அவர் கணக்கில் இருந்த பாக்கியை மட்டும் பார்த்து "நீங்க திவால்" என்று எழுதினால் என் மேலதிகாரி என்னை என்ன செய்வார்? அந்த வேலையைத்தான் இந்த நம்பர்கள் செய்கின்றன. வயசானால் இது தானாகக் குறையும். ராத்திரி தூக்கம் கெட்டால், ஜுரம் வந்தால், காபி குடித்தால், படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தால், பி.பி.க்கு பீட்டா பிளாக்கர் சாப்பிட்டால், எல்லாவற்றுக்கும் மாறும். போதாததற்கு வாட்ச் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. ஆப்பிள் ஒரு சூத்திரம் (எஸ்.டி.என்.என்.), கார்மின், ஃபிட்பிட் வேறு சூத்திரம் (ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.). அப்பாவுடைய 45ஐயும் அம்மாவுடைய 18ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ரூபாய் பாஸ்புக்கையும் ரியால் பாஸ்புக்கையும் கூட்டுவது மாதிரி. இன்னொன்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒரு துடிப்புக் கோளாறு இருக்கிறது, பக்கவாதம் வரை கொண்டு போகக்கூடியது. அதில் துடிப்பு தாறுமாறாக இருப்பதால் இந்த நம்பர் ஜோராக ஏறிக் காட்டலாம். "அப்பாவுக்கு சூப்பர் ஸ்கோர்" என்று நாம் இங்கே சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

சரி, பதற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. 2014ல் 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பதற்ற நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவு சராசரியில் குறைவு என்றுதான் வந்தது. ஆனால் வித்தியாசம் சின்னது. கூட்டத்தின் சராசரி வேறு, உங்கள் அம்மா வேறு. பதற்றமே இல்லாத எத்தனையோ பேருக்குக் குறைவாக இருக்கும், பதற்றத்தில் தவிக்கும் பலருக்கு நார்மலாக இருக்கும். அந்த நம்பரை வைத்து ஒரு ஆளுக்குப் பதற்ற நோய் உண்டு, இல்லை என்று யாரும் தீர்மானிக்க முடியாது. பி.காம். படித்த எனக்கே புரிகிற புள்ளியியல் இது.

இது புரியாமலா கடை திறந்து வைத்திருக்கிறார்கள்? என் சித்தி கதையைச் சொல்கிறேன். சித்தப்பா போன ஆறாம் மாசத்திலிருந்து விடியற்காலை மூணரைக்கு நெஞ்சு தடதடவென்று அடிக்கும், கை விரல் மரத்துப் போகும், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கில்தான் சொல்வோம், 'குண்டெ தட' என்று. வெளிநாட்டு மகன் ஆன்லைனில் பணம் கட்டி, திருப்பதியில் ஒரு பரிசோதனை மையத்துக்கு அனுப்பினான். விரலில் ஒரு கிளிப், ஐந்து நிமிஷம், நாலாயிரத்துச் சொச்சம். ஐந்து கலரில் ரிப்போர்ட். 'நரம்புச் சமநிலை: மோசம்', 'உடல் வயது: 74'. சித்திக்கு வயது 58. மூன்று மாசத்துக்குச் சத்து மாத்திரை, பிறகு மறுபடியும் டெஸ்ட். ஈ.சி.ஜி. கிடையாது. தைராய்டு கிடையாது. தூக்கம் வருதாம்மா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் காகிதம் செய்த வேலையைப் பாருங்கள். இதயம் பழுது என்று முடிவு கட்டிக்கொண்டு சித்தி மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாள். கோவிலுக்குப் போவதை நிறுத்தினாள். காணிப்பாக்கம் பிரம்மோற்சவத்தை ஒரு வருஷம் கூட விடாதவள் அவள். கடைசியில் வேலூர் போய்க் காட்டினார்கள். ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. அப்புறம் டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். சித்தப்பா உயிர் போனது விடியற்காலை மூணரைக்கு. சித்தி அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எந்த கிளிப்பும் அதைக் கண்டுபிடித்திருக்காது.

இதில் ஒன்றும் கற்பனை வியாதி கிடையாது, இதையும் சொல்லியாக வேண்டும். "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லும் மாமாக்கள் மேலும் எனக்குக் கோபம்தான். பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் நிஜமாகவே வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் விரலும் உதடும் மரக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போர் சிப்பாய்களிடம் இதைப் பார்த்துவிட்டு டா கோஸ்டா என்ற டாக்டர் 1871லேயே எழுதி வைத்தார். இதயத்தில் கோளாறு தெரியவில்லை, தவிப்போ நிஜம். நூற்றைம்பது வருஷம் தாண்டியும் நாம் "கேஸ் டிரபிள்" என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுக்கிறோம்.

அதற்காக எல்லாவற்றையும் பதற்றம் என்று தள்ளவும் கூடாது. நடந்தால் வலி, மயக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் நேரே ஆஸ்பத்திரி. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாகவும் மாரடைப்பு வரும். முதலில் ஒரு தடவை முறையாகப் பார்த்துவிட வேண்டும். இதயம் சரி என்று தெரிந்த பிறகும் மாசாமாசம் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் பயத்துக்குத் தீனி. அம்மா அரை மணிக்கு ஒரு தரம் வாட்சைப் பார்ப்பாள். பார்க்கிற பயத்திலேயே துடிப்பு ஏறும்.

மூச்சுப் பயிற்சி வேண்டுமா? தாராளமாக. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, மெதுவாக. பலருக்குப் பதற்றம் குறைவதாக ஆய்வுகள் உண்டு. அதற்கு வாட்ச் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். இன்னொரு பக்கம், மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் வாங்கிப் பழகும் கூட்டம். 2014லிருந்து அது எச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் கொடுப்பது குற்றம், கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். தினமும் சாப்பிட்டுப் பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

"மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்? இன்சூரன்ஸும் கிடைக்காது" என்பார்கள். ஊர் பற்றி: சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வேலூர். அங்கே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் 1950களிலிருந்தே வீட்டார் நோயாளியோடு தங்கி சிகிச்சை பார்க்கும் வழக்கம் உண்டு. ஒளித்து வைக்கிற விஷயம் அல்ல என்று பக்கத்து ஊரே காட்டியிருக்கிறது. இன்சூரன்ஸ் பற்றி: 2017 மனநலச் சட்டம் 21வது பிரிவு, உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஆணையமும் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் தரும், வெளிநோயாளியாகப் பார்த்த செலவுக்குத் தராது. ஊருக்கு பிரீமியம் கட்டும் புண்ணியவான்கள் அந்த ஷரத்தை மட்டும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

டாக்டர் வரை போக அம்மா தயங்கினால் 14416 என்ற நம்பர் இருக்கிறது. டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். நம் அம்மாக்கள் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள். 'குண்டெ தட' என்றாலே போதும்.