யாழ்ப்பாணத்துத் திருச்சபையும் பிடியரிசியும்

போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னிப் பெருநிலத்திலும் சிறிய கிறிஸ்தவ சபைகள் பல புதிதாக எழுந்திருக்கின்றன. தகரக் கொட்டகையிலும் வாடகை வீட்டு விறாந்தையிலும் கூடுகின்ற இச்சபைகளைக் கண்டு சைவ அன்பர்கள் மனக்கிலேசம் அடைவதையும், பழைய சபைகளைச் சேர்ந்தோரே முகஞ்சுளிப்பதையும் நாம் அறிவோம். சபை நாட்டும் ஊழியத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. சுவிசேஷத்தை மெய்யென்று விசுவாசிக்கிறவன் அதைத் தன் நெஞ்சுக்குள்ளே பூட்டி வைத்திருத்தல் கூடாத காரியம் என்பதே என் கொள்கையும். ஆயினும், ஒரு சபை எப்பொழுது நாட்டப்பட்டதாகக் கொள்ளத்தகும் என்று கேட்டால், பிறரிடம் பெற்றுக்கொண்டிருந்த அது பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிய பொழுதே என்பேன்; அதற்குச் சாட்சியம் இந்த மண்ணின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோவிற்பற்றுத் தோறும் தேவாலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் நடத்தி, ஞானஸ்நானம் பெற்றவனுக்கே உத்தியோகம் என்றும், தோம்பு என்னும் பதிவேட்டிலே பதிந்த விவாகமே விவாகம் என்றும் விதித்து, பல்லாயிரம் பேரைக் கிறிஸ்தவர்களென்று ஏட்டில் ஏற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்தவுடனே அந்தத் தொகை கரைந்துபோயிற்று. 1816இல் அமெரிக்க மிஷனரிமாராகிய பூவரும் வாரனும் தெல்லிப்பழைக்கும், அவர்களைத் தொடர்ந்து றிச்சேட்சும் மெய்க்சும் வட்டுக்கோட்டைக்கும் வந்து சேர்ந்தபோது, பழைய தேவாலயங்களில் அவர்களுக்கு எஞ்சிக் கிடைத்தவை கூரையிழந்த சுவர்களே.

அதன் பின் நிகழ்ந்தவை நம்மவர் பலரும் அறிந்தவை. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி, 1824இல் உடுவில் மகளிர் பாடசாலை, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை. இவற்றைக் காட்டிலும் என் மனம் பற்றிக்கொள்வது இருவருடைய வாழ்க்கையை. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழ் இளைஞருக்குக் கற்பித்ததுடன் நில்லாது, அதனைத் தமிழிலேயே கற்பிக்கவேண்டுமென்று விரதம் பூண்டு, அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களை மாணாக்கரின் துணையோடு ஆக்குவித்து, நோயாளியின் பாஷையை அறியாத வைத்தியனை உருவாக்க மறுத்தார். 1840இல் உடுவிலுக்கு வந்த எலைசா அக்னியூ அம்மையாரோ, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அப்பாடசாலையை நடத்தி, ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல், 1883இல் மானிப்பாயிலே உயிர் நீத்தார். அழைக்கப்பட்ட வாழ்வு என்பது இத்தகைய நீண்ட இருப்பையே குறிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சபை நாட்டியதாக ஓராண்டு முடிவில் அறிக்கை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த கிராமத்துக்குப் பெயர்ந்துவிடுகின்ற வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் காண்பது அரிது.

1855இல் அந்த அமெரிக்க மிஷனின் சார்பாகப் பாஸ்டனிலிருந்து வந்த தூதுக்குழுவின் தலைவர் றூபஸ் அண்டர்சன், சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரப்பவேண்டும் என்னும் கொள்கையுடையவர். ஆங்கிலக் கல்வி வாலிபரைச் சர்க்கார் உத்தியோகத்துக்கு இழுக்கிறது என்று கருதியதனாலே, செமினறி அவ்வாண்டில் மூடப்பட்டது. கொள்கை நன்று, சிகிச்சை கொடிது. ஆனால் அந்த இழப்பைக் கண்டு இவ்வூர்க் கிறிஸ்தவர்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. அவர்களுடைய வேண்டுகோளும் பொருளும் சேர்ந்தே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக நிமிர்ந்தன.

இந்தக் கொடையின் ஊற்றுக்கண் அடுக்களையிலே இருந்தது. உலையில் அரிசி இடுமுன் வீட்டுக்காரி ஒரு பிடியை எடுத்து மூலையிலிருக்கும் ஓலைப்பெட்டியிலே போடுவாள். பெட்டி நிரம்பியதும் அது ஊழியத்துக்குச் செல்லும். பிடியரிசி சைவ மக்களுக்கும் அந்நியமான வழக்கமன்று; சொந்த ஊரின் தர்மமே கிறிஸ்தவளின் கையிலும் தொடர்ந்தது. எவரிடமும் கேட்காமல், எவருக்கும் கணக்குக் காட்டாமல், தன் வீட்டுச் சோற்றிலே ஒரு பங்கைக் குறைத்துக் கொடுத்த அப்பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இவ்விதமான கொடையினாலேயே சுதேச ஊழியர் தீவுப்பகுதிகளுக்குச் சென்றார்கள். பின்னர் யாழ்ப்பாணத்து மாணவர் சங்கமொன்று கடல் கடந்து இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிக்கும் ஊழியரை அனுப்பிற்று. 1902இல் இங்கு வந்த திருநெல்வேலியாராகிய வேதநாயகம் சாமுவேல் அசரியா, சிறியதொரு தமிழ்ச் சபை தன் சொந்தப் பணத்தில் மிஷனரி அனுப்புவதைக் கண்டு நெஞ்சுருகித் திரும்பினார்; அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. நிஜாம் இராச்சியத்துத் தோர்ணக்கல்லில் தெலுங்கரிடையே அது தொடங்கிய பணி பெருகி, 1912இல் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். யாழ்ப்பாணத்துச் சபை நாட்டப்பட்டதற்கு இதனினும் வலிய அத்தாட்சி வேண்டுமோ!

ஆறுமுக நாவலரையும் இவ்விடத்தில் வணக்கத்துடன் நினைக்கின்றேன். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, உத்தியோக ஆசையால் மதம் மாறுவோரைக் கடிந்துரைத்த அவருடைய கண்டனம், சபைக்குப் பகையாக வந்தும் சபையைச் சுத்திகரித்தது. அக்கண்டனத்துக்கு இடமளிக்கின்ற எந்த ஊழியமும் இன்றைக்கும் ஊராரின் நம்பிக்கையைப் பெறாது. யுத்தத்தில் கணவனையும் காணியையும் இழந்து நிற்கிற ஒருத்திக்கு அரிசிப் பையைக் கொடுக்கும் கையும் அவளை ஆராதனைக்கு அழைக்கும் கையும் ஒரே கையாக இருக்குமாயின், அவளுடைய "ஆம்" என்னும் சொல் அவளுடையதா என்று யாரால் சொல்ல முடியும்? உதவி வேண்டுவோருக்கு, அவர்கள் எந்தத் தெய்வத்தை வணங்கினாலும், நிபந்தனையின்றி உதவி போகட்டும்.

ஆதலால் புதிய சபைகளின் போதகர்களையும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து அவர்களுக்குப் பணம் அனுப்புகின்ற நம் உறவினரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணம் எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்து, வரவும் செலவும் சபையார் முன்னிலையில் வாசிக்கப்படச் செய்யுங்கள். சபையின் முதல் காணிக்கையிலேயே ஒரு பங்கை, ஆராதனைக்கு வராத அயல்வீட்டாரின் பிள்ளைகளுக்குக் கொப்பிகளும் புத்தகங்களும் வாங்குவதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.