வீட்டிலே பூநூலுக்குச் சாயமேற்றுதல்

பூத்தையல் பழகுவோர் நூலின் பொருட்டுக் கடையையே நம்பியிருத்தல் இக்காலத்து வழக்கமாயிற்று. ஆறிழை கூட்டிப் பளபளப்பேற்றிய பருத்திப் பூநூல் நூற்றுக்கணக்கான நிறங்களிற் கிடைக்கின்றது, விலையும் எட்டாததன்று. அங்ஙனமிருக்க, வீட்டிலே சட்டியை ஏற்றிச் சாயங் காய்ச்சுவது வீண்வேலையன்றோ எனப் பலர் வினவுவர். அது வீண்வேலையன்று என்பதும், ஆயினும் பொறுப்பின்றிச் செய்தற்குரியதும் அன்று என்பதும் எமது துணிபு. அத்துணிபிற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைப்பாம்.

முதற்கண், பருத்தியின் இயல்பை அறிதல் வேண்டும். பட்டும் கம்பளியும் சாயத்தை எளிதில் ஏற்கும். பருத்தியோ அங்ஙனம் ஏலாது. செடிகளினின்று வடித்த சாயநீர் பலவற்றில் வெறும் பருத்திநூலைத் தோய்த்தெடுப்பின், ஏறிய நிறம் சில சலவைகளிலேயே மங்கிவிடும். இதனை வெல்ல நம் நாட்டுச் சாயக்காரர் கையாண்ட உபாயம் கடுக்காயும் படிகாரமுமாம். கடுக்காயின் துவர்ப்பு பருத்தியைப் பற்றும். படிகாரம் அத்துவர்ப்பைப் பற்றும். சாயம் படிகாரத்தைப் பற்றும். இக்கண்ணிகளுள் ஒன்று குறையினும் சங்கிலி அறுபடும். சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிற் பெருமதிப்புப் பெற்றமைக்கு இவ்வறிவே காரணம். அவற்றின் செந்நிறத்தைத் தந்தது இம்பூறல் எனப்படும் சாயவேர். கூர்தூ என்னும் பிரெஞ்சுநாட்டு இயேசுசபைக் குரு, இக்கரையின் சாயக்காரரிடம் கேட்டறிந்து, கடுக்காயும் எருமைப்பாலும் சேர்க்கும் முறை முதலியவற்றை 1742ஆம் ஆண்டிற் கடிதமாக வரைந்து தம் நாட்டிற்கு அனுப்பினார். ஏட்டுக்கல்வி மிக்க ஒருவர் கைத்தொழிலாளரிடம் மாணாக்கராய் அமர்ந்த செய்தி இது. கல்லூரியிற் பயில்வார் இதனைச் சிந்தித்தல் நன்று.

இனி முறையைச் சுருங்கக் கூறுவாம். 100 கிராம் வெண்ணூலைத் தளர்ந்த கழிகளாகச் சுற்றி, ஒவ்வொரு கழியையும் நான்கிடங்களில் 8 என்னும் இலக்கத்தின் வடிவாக இளகக் கட்டுக. இறுகக் கட்டின் அவ்விடம் வெளுத்தே நிற்கும். கட்டாது விடின் நூல் சிக்குண்டு பாழாகும். சிறிது சலவைச்சோடாவிட்ட நீரில் ஒருமணி நேரம் மெல்லக் காய்ச்சி அலசுக. பின்னர், 20 கிராம் கடுக்காய்த்தூள் கலந்த வெந்நீரில் ஓரிரவும், 15 கிராம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் மற்றோரிரவும் ஊறவிடுக. அதன்பின், நூலின் எடையளவு மஞ்சிட்டி வேர்த்தூளை நீரில் இட்டு வடித்து, நூலை அதில் அமிழ்த்தி, கொதிக்கவிடாது ஒருமணி நேரம் சூடாக்கி, அந்நீரிலேயே ஆறவிட்டு, அலசி நிழலில் உலர்த்துக. செங்கல் நிறமும் செம்மையும் கிடைக்கும். மாதுளந்தோல் மஞ்சள் தரும். அம்மஞ்சள் நூலை இரும்புநீரிற் சிறிது தோய்ப்பின் கருமை கலந்த பசுமையாகும். ஆனால் இரும்பு மிகுந்தால் நூல் நலியும். நீலத்திற்குரிய அவுரி தனிவழியது. அதற்குப் படிகாரம் வேண்டா. பச்சைமஞ்சளாய்த் தொட்டியினின்று வெளிவரும் நூல் காற்றுப்பட்டவுடன் நீலமாதல் காண்பார்க்கு வியப்பு.

இவையெல்லாம் பழைய வழி. புதுவழியின் வரலாறும் அறியத்தக்கதே. 1856ஆம் ஆண்டு, பதினெட்டு வயதினரான பெர்க்கின் என்னும் மாணவர், கொயினா மருந்தைச் செயற்கையாய் ஆக்க முயன்றபோது, ஊதாச்சாயம் ஒன்றைக் கண்டார். மஞ்சிட்டியினத்து வேர்களிலும் சாயவேரிலும் உள்ள செஞ்சாயப்பொருளை 1868இற் கிரேபேயும் லீபர்மனும் இரசாயனசாலையில் ஆக்கினர். ஆலையில் ஆக்கிய நீலம் 1897இற் சந்தைக்கு வந்தது. 1956இல் விற்பனைக்கு வந்த வினைச்சாயங்களோ பருத்தியோடு இரசாயனப் பிணைப்பே கொள்வன. இவற்றிற்குக் கடுக்காயும் வேண்டா, அடுப்பும் வேண்டா. உப்பும் சலவைச்சோடாவும் தண்ணீரும் போதும். ஆயினும் பிணையாது எஞ்சிய சாயத்தை, நீர் தெளியுமளவும் வெந்நீரால் அலசிப் போக்கல் இன்றியமையாதது. அச்சாயத்தூள் மூச்சில் ஏறின் தீங்குண்டாம். ஆதலின் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே அதனைக் கரைத்தல் வேண்டும். எச்சாயமாயினும், அதற்கெனப் பயன்படுத்திய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுத்தலாகாது.

செடிச்சாயமெல்லாம் தூயது, ஆலைச்சாயமெல்லாம் நஞ்சு என்று பேசுவாரும் உளர். அப்பேச்சை யாம் ஒப்புக்கொள்ளோம். நம் சமையலறை மஞ்சளையே காண்க. அது பருத்தியில் எளிதாக ஏறும். ஆனால் வெயிலில் விரைவில் வெளிறும், சவர்க்காரம் பட்டாற் சிவக்கும். பெயரால் நன்மை வாராது; சோதனையாலேயே நன்மை துணியப்படும். சோதனையும் அரிதன்று. சாயமேற்றிய நூலிற் பாதியைத் தடித்த காகிதத்தால் மூடிப் பலகணியருகே ஒரு திங்கள் வைத்து, மூடிய பாதியோடு மூடாத பாதியை ஒப்பிடுக. வெண்டுணியில் நாலு தையலிட்டுச் சவர்க்காரநீரில் துவைத்து, வெண்மையிற் கறை படிகின்றதா என நோக்குக. நனைந்த வெண்டுணியால் நூலைத் தேய்த்தும் பார்க்க. இச்சோதனைகளைத் தாங்காத நூலை ஊசியிற் கோத்தலாகாது.

இங்ஙனம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. மேசைவிரிப்பு ஒன்றிற்குப் பூத்தைக்க ஒருத்தி பல திங்கள் உழைக்கின்றாள். நிறம் நில்லாத ஒரே செந்நூல் முதற்சலவையில் அவ்வுழைப்பு முழுவதையும் அழித்துவிடும். அவ்விரிப்பைக் கண்காட்சியில் விலைகொடுத்து வாங்கினாரெனின், நட்டம் அவரையும் சாரும். ‘இயற்கைச்சாயம்’ என்று சீட்டெழுதி ஒட்டிவிட்டு, நிறம் நிற்குமோ நில்லாதோ என்பதை மறைத்தல் வாணிகத்தில் ஒருவகைப் பொய்யேயாம். கலையழகு அப்பொய்யை மன்னியாது.

நீரைப்பற்றியும் சொல்லவேண்டும். நொய்யலாற்றிற் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணையின் நீர் உழவுக்கு உதவாது கெட்ட கதை தமிழ்நாட்டார் அறிந்ததே. 2011ஆம் ஆண்டு ஜனவரியில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. அங்கே நிறம்மட்டுமன்று, சாயமேற்றப் பயன்படும் உப்பும் பெருந்தீங்காயிற்று. நிறம் நீங்கித் தெளிந்த நீரிலும் உப்பு நிற்கும். நம் சட்டியின் கழிவு மிகச் சிறிதே. எனினும் அதனைக் கிணற்றோரத்திலும் செடியடியிலும் கொட்டலாகாது. குரோமியம், செம்பு ஆகியவற்றின் உப்புகளை வீட்டிற் கையாளவே வேண்டா, படிகாரமே போதும். ஒரு கழிக்கு எத்துணை நீர் செலவாகின்றது என்பதைத் தன் கையால் முகந்தறிந்தவன், மலிவான சட்டையின் மெய்விலையையும் அறிவான். இவ்வறிவு ஒன்றே இத்தொழிலுக்குப் போதிய ஊதியமாம்.

பூத்தையல் பெண்டிர்க்கே உரியது, ஆடவர்க்கு இதில் என்ன வேலை என்பாரும் இருப்பர். சாயப்பட்டறைகளிலும் சரிகைத்தையற் கூடங்களிலும் ஆடவர் உழைத்துவருதலை அவர் நோக்குவாராக. காலமில்லை என்பார்க்கும் விடையுண்டு: ஊறுவது நூலேயன்றி நாமல்லேம், நம் கைவேலை சில நாழிகையளவே.

ஆதலின் யாம் வேண்டுவது இதுவே. கல்லூரிகளில் இரசாயனப் பகுதியாரும் மனையியற் பகுதியாரும் திங்களுக்கு ஒரு பிற்பகல் ஒன்றுகூடி நூலுக்குச் சாயமேற்றுதலைப் பயிற்றுவிப்பாராக. ஒவ்வொரு மாணாக்கரும் ஒரு சாயக்குறிப்பேடு வைத்து, நூற்றுண்டை ஒட்டி, எடை, நீர், சூடு, காலம், சோதனையின் முடிவு ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதுக. தவறிய நிறங்களையும் கிழித்தெறியாது குறித்துவைக்க. பின்வரும் மாணாக்கர் அவ்வேட்டைப் புரட்டிப் பயனடைவர். பழைய மாணவர்களுள் நெசவுத்தொழிலிலும் துணிவாணிகத்திலும் உள்ளோர் வந்து தம் அனுபவத்தைக் கூறுவார்களாயின், அதனினும் நன்மை வேறில்லை.