அழைத்தவர் யார்?

திண்டிவனம் – திருவண்ணாமலைச் சாலை நம் செஞ்சி வழியாகத்தான் செல்கிறது. அதில் ஒரு கையில் வண்டியும் மறு கையில் செல்பேசியுமாகப் போவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதனை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. 2022 அக்டோபரில் தமிழக அரசு, முதல்முறை 1,000 ரூபாய், மீண்டும் பிடிபட்டால் 10,000 ரூபாய் என அபராதம் விதித்தது. வேண்டிய சட்டந்தான். ஆனால், அழைத்தவரை எந்தக் காவலரும் நிறுத்திக் கேட்பதில்லையே!

மாலையில் அப்பா வண்டியில் வரும் நேரம் நமக்குத் தெரியும். தெரிந்தும் அழைக்கிறோம். எடுக்காவிட்டால் கோபம் வேறு! எடுத்தாலோ, "வண்டியை நிறுத்திவிட்டீர்களா, அப்பா?" என்று கேட்கிறோமா? கோடு போட்ட நோட்டா, போடாத நோட்டா என்பதில் தொடங்கி, அட்டையின் நிறம் வரை சொல்லி முடிக்கிறோம். அந்நேரம் அவர் கூட்டு ரோட்டைக் கடந்துகொண்டிருப்பார்.