குழி தோண்டுபவர் கைக்கு இழை எப்போது வரும்?

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை இங்கே டான்ஃபினெட் நிறுவனம் செயல்படுத்துகிறது. கம்மாபுரம் ஒன்றியத்து ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் அடக்கம். கேபிளோடு இரண்டு வகை வேலை ஊருக்குள் வருகிறது. பள்ளம் தோண்டுவதும் கேபிள் சுருளை உருட்டுவதும் ஒன்று. இழையை இணைத்து, சோதித்து, வீட்டில் கருவி பொருத்துவது இன்னொன்று. முதல் வேலைக்கு மேஸ்திரி காலனியைத் தேடி தானே வருவார். இரண்டாவதற்கு நம்மை யாரும் தேடி வருவதில்லை.

அது அப்படியொன்றும் எட்டாத வித்தை அல்ல. இழையின் கண்ணாடி 125 மைக்ரான் தடிமன். ஏறக்குறைய தலைமுடி அளவு. உறையை உரித்து, துடைத்து, நேராக வெட்டி, ஸ்பிளைசர் கருவியில் இரு முனைகளையும் வைத்தால் மின்பொறி உருக்கி ஒட்டிவிடும். வெட்டு கோணலானாலும் தூசி ஒட்டினாலும் ஒளி வீணாகும். கேபிள் எங்காவது அறுந்தால், எத்தனையாவது மீட்டரில் என்று ஓ.டி.டி.ஆர். கருவி காட்டும். பத்தாம் வகுப்பு படித்த பிள்ளைக்கும் கை பழகினால் வந்துவிடும். கருவியைத் தொடாமல் மட்டும் பழக முடியாது. ஆகவே எந்தப் பயிற்சியில் சேரும் முன்பும் கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு ஸ்பிளைசர்? ஒவ்வொருவரும் எத்தனை இணைப்பு போடுவோம்? படம் காட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, சான்றிதழை நீட்டினால் அது வெறும் காகிதம்தான்.

சான்றிதழ் நல்லதாக இருந்தாலும் வேலை எங்கே? தொலைபேசி அரசுத் துறையாக இருந்தவரை இட ஒதுக்கீடு இருந்தது. 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். நிறுவனமான பின்பும் அது தொடர்ந்தது. 2020 ஜனவரி இறுதியில் சுமார் 78,500 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். இன்று இணைப்பும் பழுது பார்ப்பும் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் கையில். அவருக்கு இட ஒதுக்கீடு கிடையாது. தெரிந்த பையனைத்தான் கூப்பிடுவார். 'தெரிந்த பையன்' எந்தத் தெருப் பையன் என்பது நமக்குத் தெரியாததா?

ஆனால் நாம் அதிகம் பேசாத ஒரு சட்டம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம், தனியாரானாலும், பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். எலக்ட்ரானிக் மெக்கானிக் போன்ற அறிவிக்கப்பட்ட தொழிற்பிரிவுகளில் பட்டியலின, பழங்குடியினருக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது அதன் 3ஏ பிரிவு. தனியார் துறையில் இட ஒதுக்கீடே இல்லை என்று மேடைதோறும் சொல்கிறோம். பழகுநர் அளவிலாவது அது இருக்கிறது, உதவித்தொகையோடு. ஐ.டி.ஐ. முடிக்கும் மாணவர்களுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

பயிற்சிப் புத்தகத்தில் இல்லாத பாடமும் ஒன்று உண்டு. மோடம் பொருத்த வீட்டுக் கூடத்துக்குள் போக வேண்டும். "நீ எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்தினால், வேலை முடியவில்லை என்ற புகார் அந்தப் பையன் மேல்தான் எழுதப்படும். பயிற்சி தருபவர்களும் ஒப்பந்ததாரர்களும் இதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இலவசத் திறன் பயிற்சிகளை நடத்தும் தாட்கோவிடம், தொலைத்தொடர்புப் பயிற்சி முடித்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று இழை இணைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மாவட்டத்தில் எந்தெந்த நிறுவனங்கள் 3ஏ பிரிவைக் கடைப்பிடிக்கின்றன என்பதையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம்தான்.