நோட்டீஸும் சாசனமே

புதுச்சேரி வட்டாரத்துப் பாகூரின் செப்பேட்டுக்கு நமது சரித்திர ஆசிரியர்கள் காட்டும் மரியாதை மிகப் பெரிது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், வாகூர் (இன்றைய பாகூர்) வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்ட செய்தியைத் தாங்கி நிற்பதால் அந்த மரியாதை அதற்குத் தகும். ஆனால் அதே பாகூரை அடுத்த செலியமேடு போன்ற ஊர்களில் வீடுவீடாகக் கொடுக்கப்படும் திருவிழா நோட்டீஸையும், தெருக்கூத்து விளம்பரத்தையும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியையும் ஒரு மாணவன் ஆராய்ச்சிக்கு ஆதாரமாகக் கொண்டுவந்தால், முகம் சுளிக்கும் வழக்கம் நமது கல்வி ஸ்தாபனங்களை விட்டு இன்னும் முற்றிலும் அகலவில்லை. அது அகல வேண்டும் என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

அந்த நோட்டீஸைச் சற்று நிதானமாகப் படித்தால் தெரியும். எந்த நாள் உபயம் எந்தத் தெருவாருக்கு, எந்த வகையறாவுக்கு என்பதும், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் ஒட்டியிருக்கிறதா உதிர்ந்துவிட்டதா என்பதும், பெயரோடு 'பிரான்ஸ்' என்று சேர்த்துக்கொள்ளும் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பம் எத்தனாவது வரியில் இடம் பெறுகிறது என்பதும், பெண்ணின் பெயர் கணவன் பெயரின் துணையின்றித் தனித்து வருகிறதா என்பதும், ஒரே ஊரின் முப்பது வருஷத்து நோட்டீஸ்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கிறவனுக்கு எந்தச் சர்க்கார் கெஜட்டும் சொல்லாத கிராம சரித்திரமாக விரியும்.

நோட்டீஸ் மிகைபடப் பேசும், இல்லாத பெருமையையும் அச்சிடும் என்பார்கள். கல்வெட்டில் மன்னன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி மட்டும் அடக்கமாகவா பேசுகிறது? அதை ஐயத்தோடு படித்து, பிற சாசனங்களோடு ஒப்பிட்டு, உண்மையைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டோம் அல்லவா; அதே பயிற்சியை இங்கும் செலுத்துவதில் என்ன தடை?

முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. தேசிய உணர்ச்சி எழுத்தறியாத ஜனங்களிடம் நாடகமேடை, பாட்டு, சினிமா இவற்றின் வழியே சென்ற விதத்தை சு. தியடோர் பாஸ்கரன் 1981-லேயே நூலாக எழுதிக் காட்டினார். தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று ஆராய்ந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பழைய போட்டோ ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பாதுகாக்க முற்பட்டது.

ஆகவே, காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம் பாகூர், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகளோடு கலந்து, அவ்வூர்களில் வெளியாகும் ஒவ்வொரு நோட்டீஸிலும் ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். விழாவுக்குக் கட்டும் விளம்பரப் பேனரோ, விழா முடிந்த மறுவாரமே மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிடுவதால், அது கட்டியிருக்கும்போதே, நிற்கும் இடமும் தெரியுமாறு படமெடுத்தாக வேண்டும். துக்கச் சுவரொட்டியைச் சேர்க்குமுன் வீட்டாரின் சம்மதம் கேட்பது அவசியம். தமிழ் வருஷத்தின் பெயரை மட்டும் அச்சிடும் நோட்டீஸ்களில், அறுபது வருஷத்துக்கொரு முறை அப்பெயர் திரும்பி வரும் என்பதால், வாங்கிய கையோடு ஆங்கிலத் தேதியைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும்.