கீரைகளின் தலைவர்



நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதமே இம்மாதப் பக்கத்திற்குப் பொருளாயிற்று. ‘ஸ்பினாச்’ என்று அச்சிட்ட விதைப் பொட்டலம் ஒன்றை வாங்கி மாடித் தொட்டியில் தூவினாராம். நான்கு இலை விரிவதற்குள் தண்டு நீண்டு பூத்துவிட்டதாம். பக்கத்து வீட்டாரின் பாலக்கோ அறுக்க அறுக்கத் தழைக்கிறதாம். “இரண்டும் ஒரே கீரைதானே? என் கைராசிதான் குறைவோ?” என்று கேட்கிறார். வீட்டருகே கழிமுகத்து மண்ணில் பாத்தி கட்டலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

கைராசியில் குறைவேதும் இல்லை. அவை இரண்டும் ஒரே கீரை அல்ல. நம் கடைத்தெருவில் கட்டுக்கட்டாக விற்கும் பாலக், பீட்ரூட்டின் உடன்பிறப்பு. ஸ்பினாச் என்பது வேறு செடி. நாம் வேலியில் படரவிடும் கொடிப்பசலை மூன்றாவது செடி. அகராதிகள் இம்மூன்றையும் ‘பசலை’ என்ற ஒரே பெயரில் அடக்குவதால்தான் இத்தனை குழப்பம்.

ஸ்பினாச்சின் தாயகம் பாரசீகமும் அதையடுத்த மத்திய ஆசியாவும் ஆகும். அங்குக் காட்டில் வளரும் துர்கிஸ்தான் ஸ்பினாச்தான் இதன் மூதாதை என்பதை 2021-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. பாரசீகர் ‘அஸ்பனாக்’ என்றதை அரபியர் ‘இஸ்பானாக்’ என்றனர். அச்சொல்லே ஸ்பானிய மொழியில் ‘எஸ்பினாகா’ ஆகி, பின்னர் ஆங்கிலத்தில் ‘ஸ்பினாச்’ ஆயிற்று. கிழக்கே, கி.பி. 647-இல் நேபாள மன்னர் சீனப் பேரரசருக்கு இக்கீரையைக் காணிக்கையாக அனுப்பினார் என்று சீனக் குறிப்புகள் கூறுகின்றன.

மேற்கே இதைச் சீராட்டி வளர்த்தவர்கள் அந்தலூஸின் முஸ்லிம் வேளாண் அறிஞர்கள். 11-ஆம் நூற்றாண்டில் இப்னு ஹஜ்ஜாஜ் இந்த ஒரு கீரைக்கென்றே தனி நூல் எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில், செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் தமது ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் வேளாண் நூலில் இதற்கு ‘ரயீஸுல் புகூல்’, அதாவது கீரைகளின் தலைவர், என்று பட்டம் சூட்டினார். வெப்பமும் வறட்சியும் மிகுந்த அந்நாட்டில் ஒரு குளிர்காலக் கீரையை நீர் பாய்ச்சியும் பருவம் பார்த்தும் பயிராக நிலைநிறுத்தியது எளிய காரியம் அன்று.

காட்டுச் செடி எவ்வாறு வீட்டுப் பயிராகிறது? ஸ்பினாச்சில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காற்றுதான் மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. ஆண் செடிகள் முந்திப் பூத்து முந்தி மடியும். ஆகவே எச்செடியை விதைக்கு விடுவது என்ற தேர்வே உழவனின் கல்வியாயிற்று. முள் நிறைந்த விதைகளுக்கிடையே முள்ளற்றவற்றையும், சிற்றிலைகளுக்கிடையே பேரிலைகளையும், விரைந்து பூப்பவற்றுக்கிடையே தாமதித்துப் பூப்பவற்றையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினார்கள். இக்கால ஆய்வாளர்கள், அடிச்சாம்பல் என்னும் பூசண நோயை எதிர்க்கும் குணத்தைக் காட்டு இனங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கிறார்கள். அப்பூசணமும் சளைக்காமல் புதுப்புது வடிவெடுக்கிறது. இதுவரை 15-க்கும் மேற்பட்டவை கணக்கில் வந்துள்ளன. காட்டு மூதாதை அழிந்தால் இந்த ஆயுதசாலையே மூடிவிடும்.

இத்தனை பண்படுத்தியும் ஒரு குணம் மாறவில்லை. நெடும் பகலும் வெப்பமும் கண்டால் இலை விடுவதை நிறுத்திப் பூக்க முனைவது அதன் இயல்பு. சென்னை வெயிலில் சகோதரியின் தொட்டியில் நடந்தது இதுவே.

பாலக்கின் கதை வேறு. அதன் மூதாதை ஐரோப்பியக் கரைகளிலும் மத்தியதரைக் கடலோரங்களிலும் உப்புக் காற்றில் வளரும் கடற்பீட். ஒரே செடியில் கிழங்கை விரும்பியவர்களுக்குப் பீட்ரூட் கிடைத்தது. இலையை விரும்பிய நம் நாட்டினருக்குப் பாலக் கிடைத்தது. உவரைப் பொறுக்கும் குணம் இன்றும் அதனிடம் உண்டு. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ‘ஆல் கிரீன்’, ‘பூசா ஜோதி’ முதலிய பாலக் ரகங்களைத் தந்தது. நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ‘ஊட்டி 1’ என்னும் ரகத்தைத் தந்தது. கழிமுக உவர்நிலங்களில் முளைக்கும் உமிரியும், நம் சிறுகீரையும், தண்டுக்கீரையும் இக்குடும்பத்துச் சொந்தங்களே. அப்பல்கலைக்கழகத்தின் ‘கோ 3’ கிள்ளுக்கீரையை, விதைத்த 20-ஆம் நாளிலிருந்து ஏறத்தாழ 10 முறை கிள்ளலாம்.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு விடை சற்றுக் கசப்பானது. அனல்மின் நிலையச் சாம்பல் பல்லாண்டுகளாகக் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்து வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் அம்முகத்துவாரத்திலும் மீனவர் படகுகளிலும் அப்பியதை யாவரும் அறிவோம். நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் முதலியவை சிறிதளவில் உண்டு. இலைக்கீரைகள், அவற்றுள்ளும் ஸ்பினாச், மண்ணிலுள்ள காட்மியத்தை எளிதில் உறிஞ்சுபவை. பன்னாட்டு உணவுத் தர நெறிப்படி ஒரு கிலோ கீரையில் அது 0.2 மில்லிகிராமைத் தாண்டலாகாது. இலைமேல் படிந்த தூசு கழுவினால் போகும். வேர்வழி ஏறிய உலோகம் கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. உவரைப் பொறுக்கும் ரகத்தைத் தேடித் தரலாம். நஞ்சு கலந்த மண்ணை நல்லதாக்கும் விதையை எந்த ஆய்வாளரும் தந்துவிட முடியாது. மண்ணைக் கெடுத்தவர்கள்தாம் அதைச் செப்பனிட வேண்டும். அதைக் கேட்கும் உரிமை அங்கு வாழும் ஒவ்வொரு தாய்க்கும் உண்டு.

அதுவரை, சகோதரி! மண்ணைப் பரிசோதித்து அறியாமல் கழிமுகப் பாத்தியில் கீரை விதைக்க வேண்டாம். நம்பகமான இடத்திலிருந்து கொணர்ந்த மண்ணும் மட்கிய எருவும் நிரப்பிய தொட்டியே போதும். ஸ்பினாச்சுக்குப் பதிலாகப் பாலக்கோ சிறுகீரையோ தூவுங்கள். சிறுகீரையில் முந்திப் பூக்கும் செடியைப் பிடுங்கிச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை இலை விட்டு நோயின்றி நிற்கும் சில செடிகளை மட்டும் விதைக்கு விடுங்கள். நான்கைந்து விதைப்பில் வேறுபாடு உங்கள் கண்ணுக்கே தெரியத் தொடங்கும். அந்தலூஸின் அறிஞர்களுக்கும் நமக்கும் பொதுவான பாடம் இது ஒன்றே: நல்ல செடியை அன்றைய ஆனத்திற்கு அறுக்காமல், நாளைக்கு விதையாக நிறுத்தி வைக்கும் பொறுமை.